பங்கில்லாதவன் எடுத்த சீட்டு

"பங்கே இல்லாதவன் கையால ஏன்பா மொதல் சீட்ட எடுக்கறீங்க?"

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனுப்பம்பட்டுக்காரர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். எங்கள் நாவலடிக்குப்பத்தில், ஏரியில் வலை கட்டும் இடங்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை சீட்டு எடுப்பார்கள். அதை அவர் வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருந்தார். கல்யாணமான ஆணுக்குத்தான் சீட்டு. ஆனால் முதல் சீட்டை மட்டும் கல்யாணம் ஆகாத ஒருவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். அவருக்கு அதில் ஒரு இறால்கூடப் பங்கு கிடையாது. ஏன் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. "அது அப்படித்தாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு ஊரில் விசாரித்தேன். ஆளுக்கொரு துண்டாகச் சொன்னதை ஒன்றாகக் கோத்து எழுதியிருக்கிறேன்.

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கொடி பறந்துகொண்டிருந்த காலம். நாவலடிக்குப்பத்தில் தனக்கோடி என்று ஒருவன் இருந்தான். கல்யாணமாகி இரண்டு வருடம். மனைவி பெயர் முனியம்மா. மகள் குப்பம்மாளுக்கு எட்டு மாதம், அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். அவனுக்குக் கூடப் பிறந்தவன் ஒரே தம்பி, வடிவேலு.

அந்த வருடம் ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, இறாலும் வரவில்லை. குப்பமே வெறும் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சண்டைக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கோட்டையிலிருந்து செய்தி வந்தது. இரண்டு வருடம் போதும் என்றார்கள். தனக்கோடி போனான். தோணி ஏறும்போது தம்பியின் தோளைத் தட்டி, "என் சீட்டு இருக்குது, சோத்துக்குக் கொறையிருக்காது. நீ கொஞ்சம் பாத்துக்க" என்றான். வடிவேலு தலையை ஆட்டினான்.

இரண்டு வருடம் பதினொரு வருடம் ஆனது. ஜாவாவில் பத்தாவி, அங்கிருந்து இன்னும் கிழக்கே ஜாதிக்காய் கிராம்பு விளைகிற தீவுகள், திரும்ப இலங்கைக் கரை என்று கப்பல் போனது. சுட்டு முடித்த பீரங்கியின் வாய்க்குள் ஈரத்துணி சுற்றிய கழியை விட்டுத் துடைப்பது தனக்கோடியின் வேலை. ஒருநாள் போர்த்துக்கீசப் பறங்கிக் கப்பலோடு நடந்த சண்டையில் பக்கத்துப் பீரங்கி வெடித்துச் சிதறியது. அவனுக்கு உயிர் தங்கியது, இடது காது போய்விட்டது. அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் கேட்காது.

கப்பலில் அவன் கள் குடித்ததில்லை, சூதாடியதில்லை. வீட்டு நினைப்பிலேயே கிடந்தான். அவனிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை, தை மாதம் வந்திருக்கும் என்று தோன்றும் நாளில், பெட்டியை நிமிர்த்தி வைத்து, குப்பம்மாள் இப்போது இவ்வளவு உயரம் இருப்பாள் என்று யோசித்து உளியால் ஒரு கோடு போடுவான். பெட்டி போதாமல் போனபோது, அதோடு ஒரு பலகையைச் சேர்த்து அடித்துக்கொண்டான். கூட இருந்த மாலுமி ஒருவனுக்குப் பத்தாவித் துறைமுகத்திலேயே குடும்பம் இருந்தது. கப்பல் கரை தொட்டதும் அவன் பிள்ளைகள் ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொள்ளும். தனக்கோடி அந்தப் பக்கம் பார்க்க மாட்டான். பார்த்தால் வயிறு எரியும். அப்போதெல்லாம் அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல், 'ஏரியில் என் சீட்டு இருக்கிறது. என் பிள்ளை என் சீட்டில்தான் சாப்பிடுகிறாள்' என்பது.

ஒருவழியாக அவனை விட்டார்கள். கோட்டைத் துறையில் இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குப்பத்துக்கு நடந்தான். வீட்டு வாசலில் ஒரு சின்னப் பெண் இறால் ஆய்ந்துகொண்டிருந்தாள். முனியம்மாவின் நெற்றி, அவனுடைய மூக்கு. அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"நைனா! யாரோ வந்துகீறாங்க!"

உள்ளேயிருந்து வலையும் கையுமாக வந்து நின்றவன் வடிவேலு.

தனக்கோடி பெட்டியை இறக்கவேயில்லை. கழுத்து வலித்தும் அப்படியே நின்றான். வடிவேலுதான் ஓடிவந்து பெட்டியை வாங்கி வைத்துவிட்டுக் காலில் விழுந்தான். "அண்ணாத்தே! குப்பு, வாம்மா, இதாம்மா உன் நைனா! நான் சொல்வேன் இல்ல, கப்பல்ல போனவரு!"

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "கப்பக்காரரா?" என்றாள்.

அன்றிலிருந்து அவனுக்கு அதுதான் பெயர். கப்பக்காரரே, சோறு ஆயிடுச்சு. கப்பக்காரரே, தண்ணி வேணுமா? மரியாதைக்குக் குறைவில்லை. ஊர் பெரிய மனிதர் வந்தாலும் அவள் அப்படித்தான் பேசியிருப்பாள்.

முதல் நாள் பெட்டியை நிமிர்த்தி வைத்து அவளைப் பக்கத்தில் நிற்கச் சொன்னான். அவன் போட்ட கடைசிக் கோட்டுக்கு நான்கு விரற்கடை மேலே இருந்தது அவள் தலை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவனுக்கு அந்த நான்கு விரற்கடையும் தம்பி போட்ட சோறாகத் தெரிந்தது.

வடிவேலு பக்கத்துக் குடிசையில் படுப்பான், சாப்பாடு மட்டும் அண்ணி கையால். அன்று மடவை மீன் குழம்பு. முனியம்மா பழக்கத்தில் மீன் தலையை எடுத்து வடிவேலுவின் தட்டில் வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் கை நின்றது. வடிவேலு சட்டென்று தட்டைத் தள்ளினான்.

"அண்ணாத்தைக்கு வை அண்ணி. அவருக்குத்தான் தலன்னா உசுரு."

விட்டுக்கொடுத்ததுதான் தனக்கோடிக்கு அதிகமாக எரிந்தது. என் வீட்டு மீன் தலையை எனக்கு விட்டுக்கொடுக்க இவன் யார்?

அதன்பிறகு அவன் கண்ணுக்குத் தம்பியைத் தவிர வேறெதுவும் படவில்லை. உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று வடிவேலுவுக்குத் தெரிந்திருந்தது. மழை எந்த மூலையில் ஒழுகும், எந்த ஓலையை மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. குப்பம்மாளுக்குத் தும்மல் வந்தால், திரும்பிப் பார்க்காமலே "மஞ்சத் தண்ணி குடி" என்பான், அவளும் குடிப்பாள். தனக்கோடி தீவுகளைப் பற்றியும், பறக்கும் மீன்களைப் பற்றியும் கதை சொன்னால் அவள் வாயைப் பிளந்து கேட்பாள். கதை முடிந்ததும் எழுந்துபோய் அதையெல்லாம் சித்தப்பனிடம் சொல்லிச் சிரிப்பாள். பதினொரு வருடம் சேர்த்துவைத்த கதையும் கடைசியில் வடிவேலுவின் வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

பத்து நாள் பொறுத்தான். பதினோராவது நாள், வடிவேலு ஏரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து முனியம்மாவிடம் கேட்டான்.

"அவனுக்கு முப்பத்து ரெண்டு வயசு ஆவுது. ஏன் இன்னும் கண்ணாலம் கட்டிக்கல?"

முனியம்மா அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தாள். "நெசமாவே தெரியாமதான் கேக்கறியா?"

"தெரிஞ்சா ஏன் கேக்கறேன்? யார மனசுல வச்சிக்கினு இப்படிக் கெடக்கறான்னு கேக்கறேன்."

அவள் முகம் சிவந்துவிட்டது. தனக்கோடி அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டான்.

"இந்தக் குப்பத்துல பொறந்து, இந்த ஏரித் தண்ணியில வளந்தவன் கேக்கற கேள்வியாய்யா இது?" என்றாள் முனியம்மா. "என் வாயால சொல்ல மாட்டேன். போ. போய் ஊருல எந்த எருமையக் கேட்டாலும் சொல்லும்."

அவன் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் ஊர் சிரிக்கும் என்று நினைத்தான். பங்குனியில் சீட்டு எடுக்கும் நாள் வரட்டும், யார் இந்த வீட்டுக்குத் தகப்பன் என்று அன்றைக்குக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டான்.

சீட்டு என்பது இதுதான். ஏரியில் இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம், வலை கட்டுகிறவர்கள் நிறைய. அதனால் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு, ஒரு தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு. எந்த இடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதெல்லாம் பானையிலிருந்து எடுக்கும் ஓலைத் துண்டில் இருக்கும். சீட்டு இல்லாதவன் ஏரியில் வலை கட்ட முடியாது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையால் தடவி நண்டு பிடித்துக்கொள்ளலாம். அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

அந்த நாளும் வந்தது. காலை வெயிலில் ஊரே மணலில் கூடியிருந்தது. நாட்டார், அதாவது ஊர்த்தலைவர், பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

"தனக்கோடி தலைக்கட்டு!"

பழக்கத்தில் வடிவேலு இரண்டடி முன்னே வைத்துவிட்டான்.

"நில்லுடா!" என்றான் தனக்கோடி. கப்பலில் சத்தம் போட்டே பழகிய குரல். "பேருக்கு உரியவன் உசுரோட நிக்கசொல்ல நீ எங்க போற?"

வடிவேலு ஒதுங்கிக்கொண்டான். தனக்கோடி பானைக்குள் கைவிட்டு எடுத்தான். முகத்துவாரத்துக்குத் தெற்கே மூன்றாம் இடம். கூட்டத்தில் 'ஆகா' என்றார்கள், அவ்வளவு நல்ல இடம். அவன் ஓலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகளைத் தேடினான். குப்பம்மாள் ஓலையைப் பார்க்கவில்லை. சித்தப்பனின் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓலையைக் கீழே இறக்கிவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினான்.

"வடிவேலு! நாலு பேரு முன்னால சொல்றேன். பதினோரு வருசம் என் சீட்டுல தின்ன. போதும். இனிமே உன் சீட்ட நீ எடு, உன் சோத்த நீ தின்னு. என் வீட்டுச் சட்டியத் தொடாத."

கங்காதரன் என்று ஒரு வாயாடி, அவன்தான் முதலில் சிரித்தான்.

"அடப்பாவி! கப்பல்ல காது மட்டுந்தான் போச்சுன்னு நெனச்சேன்!"

"இன்னாடா சிரிக்கற?"

"அவனுக்கு ஏதுய்யா சீட்டு? கண்ணாலம் ஆனவனுக்குத்தான சீட்டு!"

"கட்டிக்க வேணாம்னு நானா சொன்னேன்?"

நாட்டார் கையைத் தூக்கிக் கங்காதரனை அடக்கினார். பிறகு தனக்கோடியின் வலது காதுப் பக்கமாக வந்து நின்று, கோபமில்லாமல் பேசினார்.

"தனக்கோடி, ஊர் வழக்கம் மறந்துடுச்சா? ஊர்ல இல்லாதவன் சீட்டு ரெண்டாம் வருசமே ஊருக்குத் திரும்பிடும். சொந்தச் சீட்டு இல்லாத கூடப்பொறந்தவன் கை ஒண்ணு வந்து எடுத்தா மட்டுந்தான் அது நிக்கும். ரெண்டு சீட்ட ஒரு கை எடுக்க முடியாது. இவன் கண்ணாலம் கட்டியிருந்தா இவனுக்கு ஒரு சீட்டு வந்திருக்கும். உன் சீட்டு போயிருக்கும். உன் பொண்டாட்டியும் புள்ளயும் நண்டு தடவிக்கினு இருந்திருப்பாங்க."

கப்பலில் ஒருவன் பெயர் ஏட்டில் ஏறிவிட்டால், அவன் நோயில் கிடந்தாலும் பெயர் கிடக்கும். அந்த வழக்கத்திலேயே ஊறிப்போய், ஏரியிலும் தன் பெயர் தானாக நின்றுகொண்டிருக்கும் என்று பதினொரு வருடம் நினைத்துவிட்டான். இந்த ஊரில் பிறந்தவன் மறக்கக்கூடாத ஒன்றை மறந்துவிட்டான்.

நாட்டார் விடவில்லை. "அதோ ஒக்காந்துகீறாளே ராஜம்மா, அவளத்தான் இவனுக்குப் பேசினோம். வெத்தல பாக்கு மாத்தற அன்னிக்கு இவனே போய் வேணாம்னுட்டு வந்தான். அண்ணன் வந்துடட்டும்னான். இப்ப அவளுக்கு மூணு புள்ளைங்க."

ராஜம்மா மடியிலிருந்த பிள்ளையின் மூக்கைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வடிவேலு அங்கே இல்லை. எப்போது போனான் என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் தனக்கோடியின் முறை. அந்த நாளை விட்டால் அடுத்த முறை பதினெட்டு நாள் கழித்துத்தான். துணைக்கு வா என்று யாரையும் கூப்பிட அவனுக்கு முகமில்லை. கூப்பிட்டிருந்தாலும் யாரும் வந்திருக்க மாட்டார்கள். காலையில் தனியாகத் தோணியில் கழிகளையும் வலையையும் ஏற்றிக்கொண்டு போனான். கோட்டைக் கொடிமரத்தையும் ஒற்றைப் பனையையும் நேர்கோட்டில் வைத்து, முன்பு எங்கே ஆழம் இருந்ததோ அங்கேயே கழியை நட ஆரம்பித்தான். கப்பல்காரனுக்குக் குறி தப்பாது. குறி தப்பவில்லைதான். ஆனால் பதினொரு வருடத்தில் முகத்துவாரம் நகர்ந்திருந்தது. ஆழம் இருந்த இடம் இப்போது மேடு. தண்ணீர் வடிந்தால் வலை சேற்றில்தான் தொங்கும்.

சற்றுத் தள்ளி, சீட்டில்லாத வடிவேலு இடுப்பளவுத் தண்ணீரில் நண்டு தடவிக்கொண்டிருந்தான். இடுப்பில் கட்டிய கூடை பின்னாலேயே மிதந்து வந்தது. அண்ணனைப் பார்த்தான். சட்டியைத் தொடாதே என்றவனிடம் என்ன சொல்வது?

கரையில் குப்பம்மாள் நின்றிருந்தாள். தோணிக்கு இடது பக்கம்.

"நைனா! அங்க மேடு! வடக்கால வா!"

தனக்கோடி இன்னொரு கழியை எடுத்தான். மறுபடி கத்தினாள். "நைனா!" அவன் திரும்பவில்லை. செவிடான காது அந்தப் பக்கம்.

வடிவேலு திரும்பினான். அந்தக் கூப்பாட்டுக்குப் பதினொரு வருடமாகத் திரும்பிப் பழகிய தலை அது. திரும்பியவன் பதில் சொல்லவில்லை. கூடையை இழுத்துக்கொண்டு, தண்ணீரைத் தள்ளித் தள்ளி நடந்து தோணிக்கு வந்தான். அண்ணனின் தோளைத் தொட்டுக் கரைப் பக்கம் திருப்பினான்.

"உன்னத்தான் கூப்புடறா."

தனக்கோடி கரையைப் பார்த்தான். மகளின் வாய் அசைவது தெரிந்தது. இப்போது கேட்டது.

"வடக்கால வா நைனா!"

அவன் கையிலிருந்த கழி நழுவித் தண்ணீரில் விழுந்தது. வடிவேலு அதை எடுத்துத் தோணியில் போட்டான். நட்ட கழிகளைப் பிடுங்கினான். இருவரும் வடக்கே தள்ளிப்போய், தண்ணீர் சுழித்து ஓடிய இடத்தில் வலை கட்டினார்கள். வேலை முடிந்ததும் வடிவேலு மறுபடி தண்ணீரில் இறங்கப் போனான்.

"எங்கடா போற?"

"நண்டு புடிக்க."

"ஏறுடா தோணியில" என்றான் தனக்கோடி. "ஒங்கண்ணி மீன் தலய யாருக்கு வெப்பா?"

அன்று கிடைத்த இறாலைச் சுமக்க இரண்டு நடை நடந்தார்கள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் பொறாமை அப்படிப் போகிற சரக்கு இல்லை. அன்று சாப்பிடும்போதே தனக்கோடி மனைவியிடம் மெதுவாகக் கேட்டான்.

"மொதல்ல கூப்புட்டது எனக்குக் கேக்கல. நெசமா என்னத்தான் கூப்புட்டாளா, அவனையா?"

"ரெண்டு பேர்ல கழி யாரு கையில இருந்துச்சி?"

"என் கையில."

"அப்பறம் இன்னா? தின்னு."

ஒருநாள் அவன் மரப்பெட்டியை வெளியே எடுத்து நிமிர்த்தி வைத்துத் தம்பியைக் கூப்பிட்டான். உளியை அவன் கையில் கொடுத்தான். "நான் போட்ட கோடெல்லாம் நெனப்புல போட்டது. நீ பாத்தத போடு." வடிவேலு யோசிக்கக்கூட இல்லை. ஒவ்வொன்றாகப் பக்கத்தில் போட்டுக்கொண்டே போனான். "இது ரெண்டாம் வருசம், நடந்தா. இது அம்மை போட்ட வருசம், வளரவேயில்ல. இது ஒரே குதியா வளந்தாளே, அந்த வருசம்." தனக்கோடிக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் கடைசிக் கோடுவரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெட்டி முழுக்க இரண்டு வரிசைக் கோடுகள்.

வடிவேலுவுக்குப் பெண் தேடி அவன் எளாவூர்வரை நடந்தான். வடிவேலு, "போதும் அண்ணாத்தே, எனக்கு வூடு இருக்குது" என்று சொல்லிவிட்டான்.

மறு பங்குனியில் சீட்டு எடுக்கும் நாள். தனக்கோடி எழுந்து, தன் சீட்டை வடிவேலு எடுக்க வேண்டும், ஊரில் முதல் சீட்டாக எடுக்க வேண்டும் என்று கேட்டான். கங்காதரன் விடுவானா?

"சீட்டுக்காரன் ஊர்ல இருந்தா அவன்தான் எடுக்கணும். பங்கில்லாதவன் கைய உள்ள விடறது எந்த ஊரு வழக்கம்?"

"பங்கில்லாத கைதான் பதினோரு வருசம் என் வூட்டு அடுப்ப எரியவச்சிது" என்றான் தனக்கோடி. "அது பின்னால நிக்கசொல்ல என் கை முன்னால போவாது. வேணும்னா என் சீட்ட ஊரே வச்சிக்கோ."

நாட்டார் பானையை வடிவேலு பக்கம் நகர்த்தினார்.

குப்பம்மாளுக்குக் கல்யாணம் ஆனபோது, மணமேடையிலிருந்து இறங்கியவள் முதலில் விழுந்தது வடிவேலுவின் காலில். அடுத்துத்தான் தனக்கோடி. அன்று முழுக்க அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்று சொல்கிறார்கள். சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி முனியம்மாவிடம் திட்டு வாங்கினானாம். ஆனால் வடிவேலு முதல் சீட்டு எடுத்த நாளிலிருந்து ஒரு வருடம்கூடப் பானைக்குள் அவன் கை போகவில்லை. வடிவேலு இறந்த பிறகு, அவன் இடத்தில் கல்யாணம் ஆகாத இன்னொருவரைக் கூப்பிட்டார்கள். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

அனுப்பம்பட்டுக்காரரை மறுபடி நான் பார்க்கவில்லை. அவர் பெயரும் கேட்டு வைக்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், பஸ்ஸிலோ ரயிலிலோ பக்கத்தில் இருப்பவருக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது, அந்தச் சீட்டுக்காகக் கல்யாணம் தட்டிப்போன ராஜம்மாவை விட்டுவிடாமல் சொல்லுங்கள். ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னால், அந்த அனுப்பம்பட்டுக்காரருக்கே ஒருநாள் பதில் போய்ச் சேர்ந்துவிடும்.